பதினேழாம் பக்கத்தின் அடியில்

பதினேழாம் பக்கத்தின் அடியில் ஒரு விரல் நுனி தெரிந்தது.

ஜோதிலிங்கம் முதலில் அதைத் திரையில் ஒட்டிய அழுக்கு என்றுதான் நினைத்தான். கைக்குட்டையால் துடைத்தான். போகவில்லை. பக்கத்தை மேலே நகர்த்தினான். விரலும் கூடவே நகர்ந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது தேய்ந்த நகமும், நகத்தைச் சுற்றித் தண்ணீரில் ஊறி வெளுத்த தோலும் தெரிந்தன. காகிதத்தின் கீழ் ஓரத்தை யாரோ அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

ஸ்கேன் படத்தில் கை விழுவது புதிதல்ல. பழைய ரிஜிஸ்டர்கள் விறைத்துக்கொண்டு நிற்கும். மேலே கேமரா தொங்கும் ஸ்கேனரின் அடியில் ரிஜிஸ்டரை விரித்து, ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டு, தரையில் இருக்கும் பெடலைக் காலால் மிதிக்க வேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு வெளிச்சப் பட்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடும். பக்கம் படமாகிவிடும், கூடவே விரலும். ஆனால் இந்த ரிஜிஸ்டரை ஸ்கேன் செய்தது ஜோதிலிங்கம்தான். அவன் விரல் இப்படி இருக்காது. தவிர, இந்த ஓரத்தை இரண்டு வருஷத்துக்கு முன்பே அவன் கிராப் செய்து தள்ளிவிட்டான்.

கிராப் என்பதே ஒரு பித்தலாட்டம். வெட்டியாயிற்று என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். பி.டி.எஃப். எதையும் வெட்டுவதில்லை. பக்கத்துக்கு ஒரு சட்டம் போட்டு, சட்டத்துக்கு வெளியே இருப்பதைக் கண்ணிலிருந்து மறைத்துவைக்கிறது, அவ்வளவுதான். நீளமான பாவாடையின் ஓரத்தை உள்ளே மடித்துத் தைக்கிற மாதிரி. தையலைப் பிரித்தால் துணி அப்படியே இருக்கும். அந்த ஆபீசில் இது தெரிந்த ஒரே ஆள் ஜோதிலிங்கம். எனவே தையல் எங்கோ பிரிந்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பக்கத்தின் அளவை மறுபடி இருநூற்றுப் பத்துக்கு இருநூற்றுத் தொண்ணூற்றேழு மில்லிமீட்டர், அதாவது சுத்தமான ஏ4 அளவு என்று கொடுத்தான். விரல் மறைந்தது. அவன் மூச்சு விட்டான்.

மணி மூன்று கூட ஆகவில்லை. ஆனால் தில்லி நேரு பிளேஸில் அன்று பொழுதே விடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஜனவரி மூடுபனி நாலாவது மாடி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றது. எதிர்க்கட்டடம் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம். கீழே டோனரும் சி.டி.யும் விற்கிறவர்களின் கூவல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல மங்கிக் கேட்டது. பனி காரணமாக பஸ் சீக்கிரம் நின்றுவிடும் என்று மற்றவர்கள் சாப்பாட்டு வேளையோடு போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது அவனும், மூலையில் துணி போர்த்திய ஸ்கேனரும், நிமிஷத்துக்கு ஒருமுறை 'பீப்' என்று முனகும் யு.பி.எஸ்.ஸும்தான்.

அவனால் போக முடியாது. முதலாளி பன்சால் காலையிலேயே சொல்லிவிட்டார். முருகன் கேம்ப் குடிசைப் பகுதியின் சர்வே ரிஜிஸ்டர் முழு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் யாரோ வக்கீல் கேட்டிருக்கிறார். மூல ரிஜிஸ்டர் போன மழைக்காலத்தில் ரிக்கார்டு ரூமில் தண்ணீர் புகுந்து கூழாகிப் போய்விட்டது, அப்போது கொடுத்த சி.டி.யும் அதோடு போயிற்று. உலகத்தில் இப்போது அதற்கு ஒரே நகல் ஜோதிலிங்கத்தின் கம்ப்யூட்டரில் இருக்கும் பி.டி.எஃப்.தான். ஐந்து மணிக்குள் அது சி.டி.யாக வேண்டும். கூடவே ஒரு சான்றிதழ்: 'எல்லாப் பக்கங்களும் முழுமையாக உள்ளன.' அதில் கையெழுத்துப் போட வேண்டியவன் ஜோதிலிங்கம். இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் அதே வாசகத்தில் கையெழுத்துப் போட்டவன் அவன்தான்.

முழுமையாக இல்லை என்பதுதான் விஷயம்.

ரிஜிஸ்டர் லீகல் சைஸ் காகிதம், ஏ4-ஐவிட நீளம். வேலை கொடுத்த அரசு டிபார்ட்மென்ட் கேட்டதோ ஏ4. பக்கத்தைச் சுருக்கியிருக்கலாம், சுருக்கினால் எழுத்து பொடியாகிறது என்று பன்சால் முகம் சுளித்தார். அதனால் ஜோதிலிங்கம் கிராப் செய்தான். தலைப்பு வேண்டும், ஆகவே மேலே தொடவில்லை. அடியில் தன் விரலும் காகிதத்தின் அழுக்கு ஓரமும்தானே என்று ஒரு பக்கத்தைப் பார்த்து அளவு குறித்து, 'எல்லாப் பக்கங்களுக்கும்' என்று கொடுத்துவிட்டான். அவன் பார்த்த அந்த ஒரு பக்கத்தில் கடைசி இரண்டு வரிசை காலியாக இருந்தது. மற்ற நாற்பத்தெட்டுப் பக்கங்களில் காலியாக இல்லை. கைநாட்டு வைக்க இடம் வேண்டுமென்று வரிசைகளை உயரமாகப் போட்டிருந்தார்கள். பக்கத்துக்கு இரண்டு குடும்பம் காணாமல் போனது. எண்களும் பக்கத்துக்குப் பக்கம் ஒன்றிலிருந்து தொடங்கியதால் யாருக்கும் குறை தெரியவில்லை. அந்த பி.டி.எஃப்.ஐ வைத்துத்தான் மாற்று இடத்துக்கான பட்டியலைத் தட்டச்சு செய்தார்கள்.

தொண்ணூற்றாறு குடும்பம்.

தெரியாமல் செய்தது என்றால் அவன் இத்தனை நாள் தூங்கியிருப்பான். தெரிந்த பிறகும் ஒன்பது நாள் இருந்தது.

மயூர் விஹாரில் அவன் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்தவள் வீராயி. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி, புருஷன் இல்லை, செல்வி என்று ஆறு வயதில் ஒரு பெண். ஃப்ளாட்டுக்குப் பின்னால் நாலா என்கிற சாக்கடைக் கால்வாயின் ஓரத்தில் இருந்த முருகன் கேம்ப்தான் அவள் ஊர், உலகம் எல்லாம். கேம்ப்பை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒருநாள் காலை, சோப்புக் கையோடு ஹாலுக்கு வந்து நின்றாள்.

"சார், எம் பேரு லிஸ்டுல இருக்கான்னு ஒரு எட்டு பாத்துச் சொல்லுங்க சார். நீங்கதான் அத கம்ப்யூட்டர்ல ஏத்துனீங்கன்னு அக்கா சொன்னாங்க."

அவன் அன்றே ஆபீசில் பார்த்தான். மறுநாள் சொன்னான்: "இல்லம்மா."

"இருக்கும் சார்," என்றாள் அவள், கோபமில்லாமல், அவனுக்கு வழி சொல்லிக்கொடுப்பதுபோல. "பக்கத்தோட அடியில எழுதுனாங்க. எடம் பத்தலன்னு அந்தாளு மொணகிக்கிட்டேதான் எழுதுனான். நான் கைநாட்டு வெச்சேன் சார். எனக்கு நல்லா நெனவிருக்கு."

பக்கத்தோட அடியில். அந்த வார்த்தையைக் கேட்ட உடனே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆபீசுக்குப் போய்ப் பதினேழாம் பக்கத்தின் தையலைப் பிரித்தான். கடைசி வரிசை. வீராயி. பக்கத்தில் நீல மையில் கட்டைவிரல் ரேகை. பார்த்துவிட்டு, மறுபடி மடித்துத் தைத்தான். சான்றிதழில் தன் கையெழுத்து இருக்கிறதே, போலீஸ் கேஸ் ஆகிவிடுமே, மனைவி ருக்கு முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒன்பது நாள் யோசித்தான். பத்தாவது நாள் புல்டோசர் வந்தது. யோசிக்க வேண்டிய அவசியம் முடிந்துபோயிற்று.

பட்டியலில் இல்லாதவர்கள் நாலாக் கரையிலேயே பிளாஸ்டிக் ஷீட் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். ஜனவரி இரண்டாவது வாரம், கடுங்குளிரில், ஷீட்டை நாலு பக்கமும் இழுத்து மூடி, உள்ளே அங்கீட்டி அடுப்பில் கரி போட்டுப் பற்றவைத்துக்கொண்டு வீராயியும் செல்வியும் படுத்தார்கள். கரிப்புகை அவர்களை எழுந்திருக்க விடவில்லை. ருக்கு போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவள் பின்னிக் கொடுத்த மெரூன் ஸ்வெட்டர் வீராயி உடம்பில் இருந்ததாம். நூல் தீர்ந்துபோய் மணிக்கட்டில் மட்டும் பச்சை நூலால் முடித்த ஸ்வெட்டர்.

இதெல்லாம் நடந்து நாளையோடு ஒரு வருஷம்.

யு.பி.எஸ். 'பீப்' என்றது. ஜோதிலிங்கம் நிமிர்ந்தான். பதினேழாம் பக்கத்தின் அடியில் இப்போது இரண்டு விரல் இருந்தது.

பக்கத்தின் அளவைப் பார்த்தான். இருநூற்றுப் பத்து, முந்நூற்று நாலு. ஏழு மில்லிமீட்டர் வளர்ந்திருந்தது. சாப்ட்வேர் கெட்டுவிட்டது என்றான் வாய்விட்டு. வெறும் அறையில் தன் குரலைக் கேட்டதும் இன்னும் பயமாக இருந்தது. பதினெட்டுக்குப் போனான். அங்கேயும் விரல், ஆனால் வேறு விரல், தடித்தது, நகம் கறுத்தது. பத்தொன்பதில் வளைந்த கிழட்டு விரல். இருபதில் மருதாணி வைத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒவ்வொருவர், ரிஜிஸ்டர் மூடிக்கொள்ளாமல் இருக்கப் பொறுமையாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்தோ கரிப்புகை வாசனை வந்தது. தில்லிக் குளிரில் எந்த வாட்ச்மேனும் எந்தப் படிக்கட்டடியிலும் அங்கீட்டி மூட்டுவான். அதுதான், அதுவேதான் என்று சொல்லிக்கொண்டான்.

போன் அடித்ததும் உடம்பு தூக்கிப்போட்டது. ருக்கு.

"என்னங்க, பனி இப்பிடி இருக்கு, எப்ப கெளம்புறீங்க?"

"ஒரு வேலை இருக்கு ருக்கு. அஞ்சு மணியாகும்."

"சரி, ஒண்ணு சொல்லணும். நாளைக்கு வீராயி போன நாளு. நாலாக் கரைல இருக்கிற சனங்களுக்குக் கம்பளி வாங்கிக் குடுக்கலாம்னு நம்ம சொசைட்டி லேடீஸ்லாம் பேசிட்டிருக்கோம். ஆனா எத்தன குடும்பம், யாரு யாருன்னு ஒண்ணும் தெரியல. ஒங்க ஆபீஸ்லதான அந்த லிஸ்டு இருந்துச்சு? விட்டுப்போனவங்க பேரு எங்கயாச்சும் கெடைக்குமா பாருங்களேன்."

திரையில் பதினேழாம் பக்கம் திறந்துதான் இருந்தது. மூன்று விரல்.

"என்னங்க? இருக்கீங்களா?"

"இல்ல ருக்கு," என்றான். "அந்தப் பேரெல்லாம் எங்கயும் இல்ல."

போனை வைத்தான். தான் எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது. தையலைப் பிரிப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. மூன்று தட்டு. எல்லாப் பக்கமும் முழு நீளத்துக்கு வந்துவிடும். தொண்ணூற்றாறு குடும்பமும் வெளிச்சத்துக்கு வரும். செத்துப்போன இரண்டு பேருக்குப் பிரயோஜனமில்லை. மற்றவர்கள் இன்னும் அந்தப் பனியில்தான் கிடக்கிறார்கள், அவர்களுக்கு இடம் கிடைக்கும். அவன் வேலை போகும். கேஸ் வரும். வரட்டுமே.

நிஜமாகவே பதினேழாம் பக்கத்தைப் பிரித்தான்.

பக்கம் கீழ்நோக்கி விரிந்தது. வரிசை பன்னிரண்டு, பதிமூன்று. வீராயி. நீல ரேகை. ரேகைக்குக் கீழே காகிதத்தின் ஓரம். ஓரத்தில் நாலு விரல், புறங்கை, கண்ணாடி வளையல், மணிக்கட்டு. மணிக்கட்டில் பச்சை நூல். பச்சை முடிந்து மெரூன்.

இந்த ரிஜிஸ்டரை அவன் ஸ்கேன் செய்தது மார்ச் மாதம். ருக்கு அந்த ஸ்வெட்டரைப் பின்னி முடித்தது அதே வருஷம் டிசம்பரில்.

அவள் கைக்குப் பக்கத்தில், காகிதத்தைப் பிடிக்க எட்டியும் எட்டாமலும், இன்னும் இரண்டு விரல். மிகச் சின்னது.

மேஜை போன் அலறியது. பன்சால். "அரே ஜோதி, ஜல்தி கரோ, சீக்கிரம்! டிபார்ட்மென்ட் ஆள் கீழே வண்டியில் உட்கார்ந்திருக்கிறான். அந்த வக்கீல் பொல்லாதவன், கம்ப்யூட்டர் தெரிந்தவன். பக்கத்தில் கோளாறு எதுவும் இல்லையே?"

இப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"இல்ல சார். சுத்தமா இருக்கு."

சொன்ன பிறகு செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. மறைப்பது போதாது, வக்கீல் இரண்டு தட்டில் பிரித்துவிடுவான். பதினேழாம் பக்கத்தை மறுபடி மடித்தான். பிறகு ஃபைல் முழுவதையும் புதிய பி.டி.எஃப்.ஆக, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வைத்து, பக்கம் பக்கமாக வார்க்கக் கொடுத்தான். இதில் மடிப்பு கிடையாது. சட்டத்துக்கு வெளியே இருப்பது அந்த ஃபைலில் பிறக்கவே பிறக்காது. பழைய ஃபைலை அழித்துவிட்டால் தீர்ந்தது.

பக்கம் 1. பக்கம் 2.

டக்.

அவன் திரும்பினான். மூலையில் ஸ்கேனர், போர்த்திய துணியோடு. பெடல் மேஜைக்கு அடியில் இருட்டில் இருந்தது.

பக்கம் 9. டக். துணிக்கு உள்ளே ஒரு வெளிச்சம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடியது. பிளக்கைப் பார்த்தான். சுவரில் இல்லை. தரையில் கிடந்தது.

பக்கம் 16.

பக்கம் 17. அங்கேயே நின்றது. கம்ப்யூட்டரின் காற்றாடி இரைந்தது. நிறுத்து என்ற பொத்தான் திரையில் இருந்தது. மவுஸ் கையில் இருந்தது. நிறுத்தியிருக்கலாம். இன்னும் நேரம் இருந்தது.

அவன் நிறுத்தவில்லை.

பக்கம் 18. பிறகு மளமளவென்று ஓடி முடிந்தது.

புதிய ஃபைலைத் திறந்தான். சுத்தம். பதினேழு, சுத்தம். அளவு இருநூற்றுத் தொண்ணூற்றேழு, ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை. பிரித்துப் பார்த்தான், பிரிக்க எதுவுமில்லை. பழைய ஃபைலை அழித்தான். குப்பைக்கூடையையும் காலி செய்தான். சி.டி. எழுதி முடிந்து தட்டு வெளியே வந்தது. வட்டு வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இவ்வளவு நேரம் கையில் வைத்திருந்து கொடுத்ததுபோல.

சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்தான். எல்லாப் பக்கங்களும் முழுமையாக உள்ளன. கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடினான். பரவாயில்லை. முடிந்தது. இனி அவர்களுக்கு எந்தப் பக்கத்திலும் இடமில்லை.

அப்படி நினைத்த உடனே சான்றிதழிலிருந்து கையை எடுத்தான்.

எந்தப் பக்கத்திலும் இல்லை என்றால்?

யு.பி.எஸ். சத்தம் நின்றிருந்தது. கீழே கூவல் நின்றிருந்தது. கரிப்புகை வாசனை அறை நிறைய. அதோடு பாத்திரம் தேய்க்கும் பவுடரின் வாசனை, காலை நேரத்தில் வீட்டில் அடிக்கும் அதே எலுமிச்சை வாசனை.

சான்றிதழின் கீழ் ஓரம் லேசாக அழுந்தியது.

மேஜை விளிம்பில் ஒரு விரல். ஊறி வெளுத்த தோல்.

திரையில் இல்லை. மேஜையில்.

நாலு விரல். வளையல் மரத்தில் பட்டுக் கிலுங்கியது. பச்சை நூல். நனைந்திருந்தது.

நாற்காலியைப் பின்னால் தள்ளப் பார்த்தான். நகரவில்லை. பக்கத்தில் தடித்த விரல்கள். கறுத்த நகம். அதற்குப் பக்கத்தில் வளைந்த விரல்கள். மருதாணி. மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. அடுத்த மேஜை. ஜன்னல் கட்டை. கதவின் அடி இடுக்கு. எல்லா ஓரத்திலும். அழுத்திப் பிடித்தபடி. பொறுமையாக. ரிஜிஸ்டர் மூடிக்கொள்ளாதபடி.

"வீராயி," என்றான். "நான் சொல்லிடறேன். இப்பவே சொல்லிடறேன்."

சொல்ல எதுவும் மிச்சமில்லை. அவனே அழித்துவிட்டான்.

ஸ்கேனர் மேலிருந்த துணி நழுவி விழுந்தது. கேமராவின் கழுத்து அவன் பக்கம் திரும்பியிருந்தது.

மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு சின்ன விரல் மேலே வந்தது. விளிம்பைத் தொட்டது. எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் எம்பியது. எட்டிவிட்டது. அவன் கட்டைவிரலைப் பிடித்தது.

சில்லென்று இருந்தது.

அவன் கட்டைவிரலில் நீல மை. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சின்ன விரல்கள் அதைத் தங்கள் பக்கம் இழுத்தன. பள்ளிக்கூடத்தில் கையைப் பிடித்து எழுதக் காட்டுவார்களே, அப்படி. மெதுவாக. சான்றிதழின் கடைசியில், அவன் கையெழுத்துக்குக் கீழே, பக்கத்தோட அடியில். வைத்து அழுத்தின.

டக்.

வெளிச்சம் மேஜையின் அந்த ஓரத்திலிருந்து அவனை நோக்கி ஓடிவந்தது.